பயணியின் விருப்பம்

எங்கள் உதவிச் சீட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. நடக்க முடியாத ஒருவரைச் சக்கர நாற்காலியோடு ரயிலில் ஏற்றிவிட்டால், எந்தப் பெட்டியில் ஏற்றினோம், அந்தப் பெட்டியை முடிவு செய்தது யார் என்று எழுதிவைக்க வேண்டும். முதல் கட்டம் ‘முன்பதிவின்படி’. அதில் டிக் போட்டால் முன்பதிவுத் தாளின் நகலை இணைக்க வேண்டும். நகல் எடுக்கும் இயந்திரம் இரண்டாம் மாடியில் இருந்தது. இரண்டாவது ‘ஊழியரின் முடிவு’. அதற்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. மூன்றாவது ‘பயணியின் விருப்பம்’. அதற்கு ஒன்றும் வேண்டாம்.

ஆகவே எங்கள் பிரிவில் பதினோரு பேரும் மூன்றாவதில்தான் டிக் போட்டோம். நான் அதிலும் ஒரு படி மேலே போனேன். காலையில் தேநீர் குடிக்கும்போதே அன்றைய புத்தகத்தை எடுத்து, ஐம்பது சீட்டிலும் மூன்றாவது கட்டத்தில் வரிசையாக டிக் போட்டு வைத்துவிடுவேன். பெட்டி எண்ணை மட்டும் வேலை முடிந்து போகும்போது நிரப்புவேன். ரயில்வே கம்பெனிக்குத் தினமும் லட்சக்கணக்கில் பயணிகள். எங்கள் சீட்டுகளை யார் படிக்கப் போகிறார்கள்?

“யோவ், நம்ம ஸ்டேஷன்ல எல்லாருக்கும் விருப்பம் பொங்கி வழியுதுய்யா,” என்பான் ரேடியோ. என்னோடு வேலை பார்ப்பவன். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். எனக்கு அவன் வைத்த பெயர் ஊமை. இருவரையும் ஒரே ஷிஃப்டில் போட்டது யாருடைய புண்ணியமோ.

எக்ஸ்சேஞ்ச் அம்மா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த அம்மாள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வியாழக்கிழமை காலை வண்டிக்கு வருவார். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். இடுப்பெலும்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலி. மலை மேலிருக்கும் ஊரில் அவருடைய தங்கை தனியாக இருந்தார். போய் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்புவார். மருமகள் காரில் கொண்டுவந்து நிலைய வாசலில் விடுவாள். அங்கிருந்து ரயில்வரை அவர் எங்கள் பொறுப்பு.

“அலைச்சல் எதுக்கும்மா, போன்ல பேசிக்கலாமே?” என்று ரேடியோ ஒருநாள் கேட்டான்.

“முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தேன் தம்பி. சொந்தத் தங்கச்சிக்கு ரெண்டு காதும் அவுட்டு. நேர்ல உட்கார்ந்து என் வாயைப் பார்த்தாத்தான் அவளுக்குச் சண்டை போடவே வரும்.”

அவருக்கு எண்கள் மறக்காது. பழைய ஊர் டைரக்டரியில் பாதி அவர் தலைக்குள் இருந்தது. ரேடியோ சீண்டுவான்: “அம்மா, அந்தக் காலத்துத் தீயணைப்பு ஆபீஸ் நம்பர்?” கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிட்டு, “ஆனா கிடைக்காது. அங்கே இருந்த ஒருத்தர் எப்பவும் லைன்ல இருப்பார், பொண்டாட்டிகிட்ட சமாதானம் பேசிக்கிட்டு. ஊரே எரிஞ்சாலும் அவர் வீட்டுத் தீயை அணைச்சிட்டுத்தான் வருவார்,” என்பார். அவன் சிரிப்பான். நான் சிரிக்காமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவேன். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிப்பார். “உள்ளுக்குள்ள சிரிக்கிற ஆளு நீங்க. உங்களைத்தான் நம்பலாம்,” என்று ஒருமுறை சொன்னார்.

என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். “மருமக தங்கமானவ. என் மேல உசிரு. அதான் வம்பே. ‘அத்தை, ஒரே ஒரு தடவை ஏதாவது எசகுபிசகா ஆச்சு, அப்புறம் உங்களைத் தனியா அனுப்பவே மாட்டேன்’னு கண்டிஷன் போட்டிருக்கா. அந்த ஒரு தடவை வராம பார்த்துக்கங்க தம்பி.”

“வராதும்மா. நான் இருக்கேன்ல,” என்றேன். நான் அதிகம் பேசாதவன். ஆகவே பேசிய சில வாக்கியங்கள் அப்படியே நினைவில் இருக்கின்றன.

அந்தக் காலை வண்டிக்கு எட்டுப் பெட்டிகள். இரண்டு மணி நேரம் ஒன்றாக ஓடி, ஒரு சந்திப்பில் இரண்டாகப் பிரியும். ஒன்றிலிருந்து நான்குவரை துறைமுகத்துக்குப் போகும். ஐந்திலிருந்து எட்டுவரை மலைக்கு. கடல் பாதி, மலைப் பாதி என்று நாங்கள் சொல்வோம். சக்கர நாற்காலிக்கு இடம் உள்ளவை இரண்டே பெட்டிகள்: கடல் பாதியில் மூன்று, மலைப் பாதியில் ஆறு. பிளாட்பாரத்தில் ஆறாவது கம்பத்துக்கு எதிரே ஆறாம் பெட்டி வந்து நிற்கும். அந்தக் கம்பத்தடியில்தான் சரிவுப் பலகை பூட்டியிருக்கும். பூட்டைத் திறந்து, பலகையை வாசலில் சாய்த்து, நாற்காலியை ஏற்ற வேண்டியது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

எப்போதாவது வண்டி யார்டில் திரும்பி, பின்பக்கம் முன்பக்கமாக வந்துவிடும். எட்டாம் பெட்டி முன்னால், ஒன்றாம் பெட்டி கடைசியில். அப்போது ஆறாவது கம்பத்துக்கு எதிரே வந்து நிற்பது மூன்றாம் பெட்டி. அதே மாதிரி வாசல், அதே இடத்தில் சக்கர நாற்காலிக்கான இடம். வாசலுக்கு மேலே சின்ன விளக்குப் பலகையில் ஒளிரும் எண் மட்டும்தான் வித்தியாசம். ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். நாள் முழுக்க அதன் அடியிலேயே நிற்கிறவனுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி.

ஒரு வியாழக்கிழமை வண்டி அப்படித் திரும்பி வந்தது. அன்று மகளுக்குக் காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ள நான் எவ்வளவோ முயன்று பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து வந்த நாள். பலகையைச் சாய்த்தேன். நாற்காலியை ஏற்றினேன். சக்கரத்துக்குத் தடை போட்டேன். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருக்கு வாசலுக்கு மேலே இருந்த எண் தெரிய வழியில்லை.

“ஆறுதானே தம்பி?” என்றார். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

“ஆறுதாம்மா,” என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குச் சந்திப்பில் வண்டி பிரிந்தது. பிரிவதற்கு முன் பெட்டிக்குள் அறிவிப்பு வந்தபோதுதான் தாம் கடல் பாதியில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. உதவிக்குக் கூப்பிடும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். டிக்கெட் பரிசோதகர் வந்தார். வண்டி அங்கே நான்கு நிமிடம்தான் நிற்கும். இறக்குவதற்குப் பலகையும் ஆளும் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் வரும். “உட்காருங்கம்மா, கடைசி ஸ்டேஷன்ல பார்த்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலை நிலையத்தில் எங்கள் ஆள் பலகையோடு ஆறாம் பெட்டிக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு, ‘பயணி வரவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். துறைமுகத்தில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு, விளக்கு அணைந்த பெட்டியில் ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். கூட்ட வந்த துப்புரவுப் பெண்தான் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறாள். மருமகள் மூன்று மணி நேரம் காரோட்டிப் போய்க் கூட்டிவந்தாள்.

எனக்கு விஷயம் மாலை நான்கு மணிக்குத் தெரிந்தது. வேலை முடிந்து பெட்டி எண்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். எப்போதும் கண்ணில் படாத மேற்பார்வையாளர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

“காலை வண்டியில வீல்சேர் யார் ஏத்தினது?”

“நான்தான் சார்.”

நடந்ததைச் சொன்னார். அவர் என் சீட்டுப் புத்தகத்தை இழுத்துத் தம் பக்கம் திருப்பினார். அந்தச் சீட்டைப் பார்த்தார். டிக் இருந்தது. பெட்டி எண் காலியாக இருந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண் போடலையே.”

“இனிமேதான் சார்.”

“மூணுன்னு போடு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“என்ன பார்க்கிற? பொய்யா சொல்லச் சொன்னேன்? அந்தம்மா ஏறினது மூணுலதானே?”

“அவங்க கேட்டது ஆறு சார்.”

“அதுக்கு இதுல கட்டம் இல்லையே,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நீ வாயைத் திறந்தா இந்த ஒரு டிக்கோட நிக்காது. பதினோரு பேர் புத்தகமும் வெளியே வரும். ரெண்டு வருஷமா இந்த ஸ்டேஷன்ல ஒருத்தருக்குக்கூட முன்பதிவே இல்லையான்னு கம்பெனியில கேப்பான். எல்லாரும் பிள்ளை குட்டிக்காரங்க. பார்த்துக்க.”

கதவருகே ரேடியோ நின்றிருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல்.

நான் மூன்று என்று எழுதினேன். எழுதிய எண்ணில் தவறில்லை. டிக் போட்டது காலை ஆறே காலுக்கு, அந்த அம்மாள் நிலையத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது அவை வேறொன்றைச் சொல்லின.

எக்ஸ்சேஞ்ச் அம்மா புகார் எழுதினார். கம்பெனியிலிருந்து பதில் போனது. நகல் எங்கள் பிரிவுக்கும் வந்தது. ‘எங்கள் பதிவுகளின்படி, தாங்கள் தங்கள் சொந்த விருப்பத்தின் பேரிலேயே மூன்றாம் எண் பெட்டியில் அமர்த்தப்பட்டிருக்கிறீர்கள். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அவர் மறுபடி எழுதினார். இந்த முறை சீட்டின் நகலையே அனுப்பிவைத்தார்கள், என் கையெழுத்தோடு.

மூன்று வாரம் கழித்து எங்கள் அறைத் தொலைபேசி அடித்தது. ரேடியோ எடுத்து, கேட்டுவிட்டு, பேசும் முனையைக் கையால் பொத்தி என்னிடம் நீட்டினான்.

“தம்பி, நான்தான்,” என்றார். பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு மூணுன்னு சொன்னேனா?”

எனக்குப் பின்னால் ரேடியோ நின்றான். மேசையில் அன்றைய புத்தகம் திறந்திருந்தது.

“கோவமாக் கேக்கலை தம்பி. ஆறுன்னு கேட்ட மாதிரிதான் எனக்கு இருக்கு. ஆனா உங்க காகிதத்துல வேற மாதிரி இருக்கு. நீங்க பொய் எழுதற ஆளு இல்லை. அதான் குழப்பமா இருக்கு. நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன்.”

நான் பேசவில்லை. அவர் காத்திருந்தார். மறுமுனையில் இருப்பவர் பேசுவதற்காகக் காத்திருப்பதுதானே அவருடைய தொழிலாக இருந்தது. அவசரப்படுத்தவில்லை. அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. ஒரு வண்டி வந்து நின்று கிளம்பிப் போனது.

“ஞாபகம் இல்லைம்மா,” என்றேன்.

“பரவாயில்லை தம்பி,” என்றார். “எனக்கும்தான் இல்லை போல இருக்கு.”

வைத்துவிட்டார். ரேடியோ என் தோளில் கை வைத்தான். நான் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதற்கும் வருத்தப்படுகிறேன்.

அடுத்த மாதம் மருமகளிடமிருந்து ஒரு படிவம் வந்தது. வியாழக்கிழமைப் பதிவை நிரந்தரமாக ரத்து செய்யச் சொல்லி. காரணம் என்ற இடத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘ஞாபக மறதி. தனியாகப் பயணம் செய்ய இயலாது.’ அதைக் கோப்பில் சேர்க்க வேண்டியது என் வேலை. சேர்த்தேன். சேர்த்த பிறகும் அது என்னோடு வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போது வந்தது. “வாய்ல பூட்டுப் போட்டுச் சாவியை எங்க தொலைச்சீங்க?” என்று மனைவி கேட்டாள். எப்போதும் கேட்பதுதான். ஆனால் ஒருநாள் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்: “இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?”

அதற்குப் பிறகும் நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன்.

விடுமுறை நாளொன்றில், காலை பத்து மணிக்கு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். படிவத்திலிருந்த முகவரிதான். மூன்றாம் மாடியில் வெளிச்சமான சிறிய வீடு. மருமகள் கதவைத் திறந்தாள். சீருடை இல்லாமல் என்னை அடையாளம் தெரியவில்லை. ரயில் நிலையத்திலிருந்து என்றதும் முகம் இறுகியது, ஆனாலும் உள்ளே வரச் சொன்னாள்.

அவர் ஜன்னலோரம் இருந்தார். இளைத்திருந்தார். பக்கத்து மேசையில் மாத்திரைப் பெட்டி, ஒவ்வொரு அறையிலும் கிழமை எழுதி. அலமாரி இழுப்பறைகளில் தாள் ஒட்டியிருந்தது: கண்ணாடி, சீப்பு, கைக்குட்டை. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். நான் பார்ப்பதைப் பார்த்து, “மருமக வேலை. டாக்டர் சொன்னாராம்,” என்றார். “காலையில என்ன சாப்பிட்டேன்னு எழுதி வைக்கணும். சாயங்காலம் அவ கேப்பா, நான் சொல்லணும். பரீட்சை மாதிரி.”

“சரியா சொல்வீங்களாம்மா?”

“சொல்வேன். ஆனா சொன்னது சரியான்னு புத்தகத்தைத் திறந்து பார்க்காம இருக்க முடியலை தம்பி.”

நான் நின்றபடியே சொன்னேன். கட்டங்களைப் பற்றி, காலையில் போட்ட டிக்கைப் பற்றி, நிமிர்ந்து பார்க்காததைப் பற்றி. “நீங்க ஆறுன்னுதாம்மா கேட்டீங்க. நான்தான் ஆமான்னேன்.” போனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டில் ஒருவர் ஏணியில் ஏறிச் சட்டத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஒரு பக்கம் முழுதும் அடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. நான் நிறைய மௌனங்களில் வசதியாக உட்கார்ந்திருக்கிறேன். இதில் உட்கார இடமில்லை.

“போன்ல நீங்க பேசாம இருந்தீங்க பாருங்க,” என்றார் கடைசியில். “லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் மூச்சுச் சத்தம் கேட்டுது. பாவம், எங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிக்கிறார், நல்ல மனுஷன்னு நினைச்சேன்.”

மருமகளைக் கூப்பிட்டார். “இவர் ஒண்ணு சொல்றார், கேளு. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க. எதையும் விடாம.”

மறுபடி சொன்னேன். மருமகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மாத்திரைப் பெட்டியைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“ஏழு மாசமா எங்க போயிருந்தீங்க?” என்றாள்.

அவள் அந்த மாத்திரைப் பெட்டியை எடுத்து மூடினாள்.

“நானும் சேர்ந்து இவங்களை நம்பாம இருந்திருக்கேன். தெரியுமா உங்களுக்கு? ‘அத்தை, நல்லா யோசிச்சுப் பாருங்க, நீங்கதான் சொல்லியிருப்பீங்க’ன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.”

“நீ அவரைத் திட்டு, உன்னைத் திட்டிக்காதே,” என்றார் அம்மாள். பிறகு என்னிடம், “கிளம்புங்க தம்பி,” என்றார். தம்பி என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லில் பழைய எதுவும் இல்லை.

மறுநாளே கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தேன். மேற்பார்வையாளர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. பதினோரு புத்தகங்களும் போயின. மேற்பார்வையாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான்கு பேருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. “ஊமைன்னு பேர் வச்சேன் பாரு, ஊரைக் கூட்டி மைக் வச்சுட்டியே,” என்றான் ரேடியோ. அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. என்னைப் பிளாட்பாரத்திலிருந்து எடுத்து, இரண்டாம் மாடியில் முன்பதிவுத் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை. எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்குக் கம்பெனி புதிதாக ஒரு கடிதம் அனுப்பியது. தவறு எங்களுடையது என்று இந்த முறை தெளிவாக எழுதியிருந்தார்கள்.

வியாழக்கிழமைப் பட்டியலைத் தினமும் பார்த்தேன். இரண்டு மாதம் அவர் பெயர் அதில் இல்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை மருமகளின் குரல் வந்தது. என் குரலை அவள் அடையாளம் கண்டிருக்க வேண்டும்; ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் பேசினாள். மலைக்குப் போகும் காலை வண்டி. சக்கர நாற்காலி ஒன்று. கூட வருபவர் ஒருவர்.

“கூட யார் வர்றாங்கம்மா?”

“நான்தான். ஆபீஸ்ல லீவு போட்டிருக்கேன்.”

நான் தட்டச்சு செய்தேன். பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டேன். “இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சிடுச்சே. அவங்களைத் தனியா அனுப்பலாமே?”

“அனுப்பமாட்டேன்னா சொன்னேன்?” என்றாள். கோபமில்லை, களைப்புதான். “மாத்திரையை நிறுத்தியாச்சு. ஒட்டின தாளெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. ரெண்டு மாசமா நான்தான் கெஞ்சறேன், ‘போயிட்டு வாங்க அத்தை, உங்களுக்கு ஒண்ணுமில்லை’ன்னு. அவங்கதான் தனியா போக மாட்டேங்கறாங்க.”

“அவங்ககிட்ட ஒரு நிமிஷம் போனைக் கொடுக்க முடியுமா?”

அவள் திரும்பிக் கேட்பது கேட்டது. பிறகு அந்த வீட்டின் ஓசைகள் மட்டும் கேட்டன: ஒரு நாற்காலி நகர்வது, தண்ணீர்க் குழாய். நான் காத்திருந்தேன்.

“வேணாங்கறாங்க,” என்றாள் மருமகள்.

“சரிம்மா,” என்றேன். ஆறாம் பெட்டியில் இரண்டு இடம் பதிந்தேன். எண்ணை இருமுறை படித்துக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.